ஒரு கப் புதினாவின் எடை

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்கூட இப்போது சுகம். உன் கேன்டீனில் நீ வைத்த புதினா சூப்பைக் குடித்த நாற்பது பேரின் சுகத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். நீ போனில் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல்தான் வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு கப் தண்ணீர் இருநூற்று நாற்பது கிராம், ஆகவே ஒரு கப் புதினாவும் அதே என்று கணக்குப் போட்டு, அத்தனை பேருக்கு வேண்டிய பத்துக் கப்புக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இலையைக் கொட்டியிருக்கிறாயே, மனுஷருக்கு வைத்தாயா மாட்டுக்கு வைத்தாயா? மருந்துக்கடையில் பொடி நிறுத்தே காலம் தள்ளுகிற என் வயிற்றில் பிறந்து இப்படியா. உங்கள் தலைமைச் சமையல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, பல் விளக்கியாச்சு, சூப் எங்கே என்று கேட்டாராமே, அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைக்கும்போதும் கெடுத்தால் பாத்திரம் கழுவத்தான் போகணும் என்று சொன்னது மட்டும் பிடிக்கவில்லை.

அது உன் அப்பா வைக்கிற சூப். அவரிடமே கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் படிப்பை விட்டுவிட்டுக் கரண்டி பிடிக்கப் போனதற்கு அவர் கத்தினதிலிருந்து நீ அவரோடு பேசுவதில்லை, அவரும் உன் பேரை எடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதன் நுனியில் ஒரே கோபம், நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரி. சரி, நானே பார்த்துச் சொல்கிறேன் என்று கடையிலிருந்து சின்னத் தராசை இரவல் வாங்கி வந்து, புதினாவைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, காம்பு கிள்ளி, கப்பில் போட்டு நிறுத்தேன். பதினேழு கிராம். பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்த உன் அப்பா எழுந்து வந்து, நீ நிறுத்தது இலையை இல்லை, காத்தை என்றார். பார்சல் ஆபீசில் பெட்டி அடுக்கிய கை அல்லவா, காலியிடம் கண்டால் சும்மா இருக்காது. கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி அதே கப்பை நிரப்பினார். நாற்பத்தொன்று. விடுவேனா, இரண்டு அளவிலும் சூப் வைத்துப் பார்த்தோம். என்னுடையது சுடுதண்ணீர், புதினாக்கட்டு பக்கத்தில் இருந்திருக்கும் போல என்று சொல்லலாம். அவருடையது நீ கிண்ணத்தை வழித்து நக்குவாயே, அதேதான். ஜெயித்ததும் பேசாமல் போய்விடுவார் என்று பார்த்தால், மறுபடியும் இலை கிள்ளி, மறுபடியும் அமுக்கி, நாற்பது, நாற்பத்திரண்டு என்று மாலை முழுக்க நிறுத்துக்கொண்டிருந்தார். யாருக்காக என்று கேட்டதற்கு, உன் தராசு சரியான்னு பாக்கிறேன் என்றார். என் தராசைப் பற்றி அவருக்கு எவ்வளவு அக்கறை பார்.

ஆகவே ஒரு கப்புக்கு நாற்பத்தொன்று, பத்துக் கப்புக்கு நானூற்றுப் பத்து கிராம். ஈர இலையை நிறுக்காதே, தண்ணீருக்கும் சேர்த்து எடை காட்டும். காய்ந்த புதினாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுவிடாதே, அந்த நாற்பது பேர் பாவம். வேளைக்குச் சாப்பிடு, சூப் வைக்கிறவள் பிஸ்கட் தின்று வாழ்வதாகக் கேள்வி.

ஒன்றை மறக்காதே. ஞாயிறு சாயங்காலம் அப்பாவின் போனுக்குக் கூப்பிடு. நன்றாக வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே, என்ன பேசுவதென்று தெரியாமல் போனை என் கையில் கொடுத்துவிடுவார். நாற்பத்தொன்று கொஞ்சம் தூக்கல்ப்பா என்று குறை சொல். சண்டை போட நல்ல காரணம் கிடைத்துவிட்டால் அந்த மனிதர் லேசில் போனை வைக்க மாட்டார்.

கை மணக்க, மனம் நிறைய நன்றாக இரு.

உன் அம்மா