வாசித்துத் தராத பக்கங்கள்

ஸ்டெல்லா மக்கா,

கல்லூரி மலருக்கு மறுபடியும் காலம் வந்துவிட்டது. நீ பதினோரு வருடமாகத் தொகுத்துவந்த பக்கத்தை முதல்வர் இந்த முறை என்னிடம் ஒப்படைத்தார். "நம்ம காலேஜ்ல யாரு என்ன வாசிக்காங்க, ஏன் வாசிக்காங்க. ஸ்டெல்லா மேடம் போட்ட பக்கம். நூலகர் நீங்கதான் அதுக்குப் பொருத்தம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. சுற்றிலும் அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருந்தும், அன்றுவரை நான் ஒரு பக்கம்கூட வாசித்திருக்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ செய்கிற மாதிரியேதான் செய்தேன். படிவம் எதுவும் கொடுக்கவில்லை. நோட்டும் பேனாவுமாக ஆட்களைத் தேடிப் போனேன். "என்ன புக்குன்னு யாரும் சொல்லுவாங்க ஏட்டி. ஏன்னு கேட்டாத்தான் ஆளு தெரியும்" என்பாயே.

முதல்வரிடமே தொடங்கினேன். நிர்வாகவியல் நூல் ஒன்றின் பெயரைச் சொன்னார். மறுநாள் காலையில் நூலக வாசலில் வந்து நின்றார். "அத வெட்டிருங்க. உள்ளதச் சொன்னா, நான் வாசிக்கது ஒரு முயல் கதை. தோஹாவுல பேத்தி இருக்கா. போன்ல அவளுக்கு வாசிச்சுக் காட்டுதேன். இல்லன்னா அவ காதுல தமிழே விழாது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு கூச்சத்தை நீ பார்த்திருக்கிறாயா?

கேண்டீன் ராஜம் அக்கா பத்தாம் வகுப்பு அறிவியல் பாடப்புத்தகம் வாசிக்கிறாள். மாவு படாமலிருக்கச் செய்தித்தாளில் பொதிந்து வைத்திருக்கிறாள். "மவ நர்ஸு வேலைக்குப் போயிட்டா. வீட்டுக்கு வந்தா என்னென்னமோ சொல்லுதா. ரெத்தம் எப்படி ஓடுகுன்னாவது எனக்குத் தெரியாண்டாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

உன் வகுப்புப் பெண் ஜெனிபாவையும் கேட்டேன். அவள் அப்பா புதிதாக வாங்கிய வள்ளத்து எஞ்சினோடு வந்த ஆங்கிலக் கையேட்டைத்தான் வாசிக்கிறாளாம். ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் எழுதி அவரிடம் கொடுக்கிறாள். "வீட்டுல இருந்தா நான் சொல்லிருவேன் மேடம். கடல்ல வச்சு எஞ்சின் நின்னுட்டுன்னா, அப்பாக்கு யாரு வாசிச்சுக் குடுப்பா?" என்றாள்.

அதற்குமேல் அன்று என்னால் எழுத முடியவில்லை ஸ்டெல்லா. நீ என்னிடம் கேட்டதும் அதுதானே.

ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டாய். "எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது ஏட்டி. நீ வந்து கொஞ்சம் வாசிச்சுத் தாயேன்." கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது, முடிந்ததும் வருகிறேன் என்றேன். குழு வந்தது, போனது. நான் இரண்டே தடவைதான் வந்தேன். ஆரஞ்சுப் பழத்தை உரித்து வைத்துவிட்டு, கல்லூரிக் கதையெல்லாம் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். மேசையில் புத்தகம் இருந்தது. அதை நான் கையால் தொடவில்லை. பத்தொன்பது வருடம் என்னோடு சண்டை போட்டு வாசித்த உனக்கு, படுக்கையருகே உட்கார்ந்து நான் வாசித்தால், நீ பிழைக்கமாட்டாய் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று பயந்தேன். இப்போது எழுதும்போது இது எவ்வளவு சின்னக் காரணமாகத் தெரிகிறது!

நூலகத்தில் புத்தகம் அடுக்கும் தங்கமணி அண்ணனைக் கடைசியாகத்தான் கேட்டேன். நெற்றி நாமத்தைத் தடவிக்கொண்டு, "நான் என்னத்த வாசிக்க மேடம்" என்று நழுவிவிட்டார். இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு தடித்த புத்தகத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். ஒரு தீவுக் குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சொல்லும் மொழிபெயர்ப்பு நாவல். உன் பெயரில் எடுத்தது. ஆஸ்பத்திரி மேசையில் நான் பார்த்த அதே புத்தகம்.

"இது எப்படி உங்ககிட்ட வந்து அண்ணே?"

"டீச்சருக்கு நான்தான் வாசிச்சேன். வேல முடிஞ்சு கொட்டாரம் பஸ்ஸு ஏறதுக்கு முன்ன, தெனமும் அரமணிக்கூர். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். பெரிய வார்த்த வந்தா டீச்சர் சிரிப்பாவ. 'மெல்லப் போங்க, எனக்கு ஒரு அவசரமும் இல்ல'ன்னு சொல்லுவாவ. இருவத்திமூணாம் அத்தியாயம் வரைக்கும் வந்தோம்."

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அவர் தரையைப் பார்த்தார். "டீச்சர்தான் சொல்லாண்டாம்னாவ. 'செல்வி பயந்துபோய்க் கெடக்கா. அவளா வந்தா வாசிக்கட்டும். வரலன்னா அவள ஒண்ணும் கேக்காதீங்க'ன்னாவ."

தெரிந்தே இருந்தாயா ஸ்டெல்லா? நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு வளவளவென்று பேசிய அந்த இரண்டு நாளும், நீ தெரிந்தேதான் சிரித்தாயா? ஒரு தடவை திட்டியிருக்கக் கூடாதா?

அழுது முடித்ததும் அவரிடம் உன் கேள்வியைக் கேட்டேன். இப்போது ஏன் வாசிக்கிறீர்கள்? "பாதியில வச்சா டீச்சருக்கு ஒரு மாதிரி இருக்கும்லா. மிச்சத்தையும் வாசிச்சிருவோம்னு பாத்தேன். எழுத்துப் பொடிசு, இப்பம் கண்ணு எட்டமாட்டேங்கு" என்றார்.

"நான் வாசிக்கட்டுமா அண்ணே?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் நாள் நான்கு பக்கம்தான் முடிந்தது. இரண்டு இடத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். அண்ணன் தண்ணீர்க் குப்பியை நகர்த்தி வைத்தார். மூன்றாம் நாள் ராஜம் அக்கா கை துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். அப்புறம் ஜெனிபாவும் அவள் கூட்டாளிகளும் வந்தார்கள். போன வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயத்தை முடித்தோம். யாரும் எழுந்து போகவில்லை. "டீச்சருக்குப் பிடிச்சிருக்கும்" என்றார் அண்ணன். பிடித்திருக்காது மக்கா. முடிவு உனக்குப் பிடித்திருக்காது, அரைமணி நேரம் சண்டை போட்டிருப்பாய். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

மலருக்கான பக்கத்தை நேற்றுக் கொடுத்துவிட்டேன். என் பெயரையும் சேர்த்திருக்கிறேன். 'ஏன்' என்பதற்கு நேரே, 'ஒருத்தி கேட்டபோது வாசித்துக் கொடுக்காததால்' என்று எழுதினேன். முதல்வர் வாசித்தார். மாற்றச் சொல்லவில்லை.

நம் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கமலம் சேச்சி இப்போது அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். நேற்று அவள் மகன் போன் செய்தான், அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று. நூலகத்தில் ஆயிரம் வேலை கிடக்கிறது. எல்லாம் கிடக்கட்டும் என்று, இன்றைக்கு மதியமே கிளம்புகிறேன். பயம் இன்னும் போகவில்லை, அது பாட்டுக்குக் கூட வரட்டும். என்ன வாசிக்க வேண்டும் என்று அவளையே கேட்டு, அவள் போதும் என்று சொல்லும்வரை வாசிப்பேன். கூப்பிட்டவர்களை இனிக் காத்திருக்க வைக்கமாட்டேன் ஸ்டெல்லா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தோழி, உன் பிள்ளைகளுக்கு என்றும் சித்தியான
செல்வி