நிற்க வைக்கும் டிக்கெட்

மகளுக்கு,

நம்மூர் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஆறு ரயில் நின்ற இடத்தில், சிகாகோவிலிருந்து வருவது இப்போது ஒன்றுதான். அதுவும் ஏறவோ இறங்கவோ யாராவது டிக்கெட் எடுத்திருந்தால்தான் நிற்கும். பிளாட்பாரத்தை நான்தான் பெருக்குகிறேன், நீ திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போன இடம் உட்பட.

கோடை விடுமுறை, ஊரில் மாணவர்கள் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த ஊருக்கு நானே போனில் ஒரு டிக்கெட் எடுக்கிறேன்.

நேற்று கண்டக்டர் டார்னெல் கத்தினார்: "என்ன பெரியவரே, டிக்கெட் எடுக்குறீங்க, ஏறவே மாட்டேங்குறீங்க! யாருக்காக வண்டிய நிறுத்துறீங்க?"

"கதவு சரியாத் தெறக்குதான்னு பாக்கத்தான்" என்றேன்.

நீ அங்கே சிகாகோவில் நம்மூருக்கு ஒரு டிக்கெட் எடுத்தால், நான் இங்கே எடுக்க வேண்டியிராது.

அப்பா