விழுந்தவனை மிதித்தவர்

ஜூன் 4, வியாழன்

இடது முழங்கையில் தையல். எழுதுகிற கை தப்பித்தது.

கடை மேசையில் ஆளுயரக் கண்ணாடியைக் கிடத்தி வெட்டிக்கொண்டிருந்தேன். பழைய புருஷன் வந்தான். விவாகரத்தோடு ஒழிந்தான் என்று நிம்மதியாக இருந்தேன். கையில் இரும்புக் கம்பி. சுவரோரம் சாய்த்திருந்த கண்ணாடிகளை வரிசையாக உடைத்துக்கொண்டே வந்தான். வரிசையில் கடைசி ஆள் நான். முகத்தை மறைத்தேன், முழங்கை வாங்கிக்கொண்டது. முதலாளியம்மா ஷட்டர் கொக்கியால் அவன் முதுகில் ஓங்கிப் போட்டார். ஓடும்போது சொன்னான்: "மறுபடி வருவேன்."

ஜூன் 6, சனி

அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் முடிவே செய்துவிட்டான். அவனுடைய சிநேகிதர், உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர், ஊருக்கே மாஸ்டர். எனக்கு அவரைக் கட்டிவைக்க வேண்டுமாம். நான் தனியாக இருப்பதால்தான் பழைய புருஷன் துணிந்து வருகிறானாம். அண்ணி என் தலையை வாரிவிட்டாள்.

சரி என்றேன். மாஸ்டரைப் பிடித்திருக்கிறதா? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பூட்டு வாங்கப் போகிறவள் கனமாக இருக்கிறதா என்று மட்டும்தானே பார்ப்பாள்.

ஜூன் 13, சனி

மாஸ்டர் தினமும் கடை வாசலில் வந்து நிற்கிறார். வாங்க போங்க என்றுதான் பேசுகிறார். பயம் குறைந்திருக்கிறது.

ஜூன் 19, வெள்ளி

மத்தியானம் அவன் மறுபடி வந்தான். கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில், அதே மாதிரி கம்பியோடு. மாஸ்டர் கம்பியைப் பிடுங்கி மணிக்கட்டில் ஒன்று போட்டார். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவன் விழுந்தான்.

அதுவரை சந்தோஷமாக இருந்தது. "இன்னொண்ணு போடுங்க" என்றேன். போட்டார். பிறகு யாரும் கேட்காமலே போட்டார். கம்பியை எறிந்துவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். அவன் இரண்டு கைகளாலும் தலையை மூடிச் சுருண்டு கிடந்தான். நானும் அப்படித்தான் கிடப்பேன், அவனோடு வாழ்ந்த வீட்டில். காதிலிருந்து ரத்தம். போதும் போதும் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். உதறினார். நான் ஒரு கார் மேல் போய் விழுந்தேன்.

அவர் முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். கூடத்தில் பயிற்சிக்கு எண்ணுவதுபோல.

ஜூன் 20, சனி

இன்னொண்ணு கேட்டது என் வாய்தான். இதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு வசதியாக மறந்துபோகும்.

ஜூன் 22, திங்கள்

உயிரோடு இருக்கிறான். தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்களாம். ஒரு காது கேட்காதாம்.

இன்ஸ்பெக்டரம்மா என்னை விசாரிக்க வேண்டுமாம். என்ன சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் வந்து சொல்லிக்கொடுத்தார். ஓடும்போது தானே வழுக்கி விழுந்தான், அவ்வளவுதான். யோசிக்கணும் என்றேன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்கும்போது என் முழங்கையைப் பிடித்திருந்தார். தையல் போட்ட கை. தெரியாமலா பிடித்தார்? ஆறிவந்த இடம் பிரிந்து ரத்தம் கசிந்தது. விடவில்லை. அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான், பார்த்துக்கொண்டு.

முதல் கல்யாணமும் இப்படித்தானே? அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து ஓடிப் பழைய புருஷனிடம் மாட்டினேன். இப்போது அவனுக்குப் பயந்து — ச்சே. எதுலேர்ந்து ஓடுறோம்னுதான் ஒவ்வொரு தடவையும் பாத்தேன். எங்க போய் விழுறோம்னு ஒரு தடவையாவது பாத்தேனா?

ஜூன் 25, வியாழன்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உடைந்த கண்ணாடிகள், என் முழங்கை, அவன் மணிக்கட்டு, மிதித்தது, நான் இன்னொன்று கேட்டது. இன்ஸ்பெக்டரம்மா ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அவன் மேலும் மாஸ்டர் மேலும் வழக்கு.

காவல் நிலைய வாசலில் அண்ணன் நின்றிருந்தான். அறைந்தான்.

"உனக்காக அடிச்சவனையே காட்டிக் குடுத்துட்டியே."

"எனக்காக அடிச்சது முதல் ரெண்டு அடி மட்டும்தான். மத்ததெல்லாம் அவருக்காக."

இன்னொரு அறை. உதடு கிழிந்தது. கல்யாணம் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். முதலாளியம்மா கடைக்கு மேலே உள்ள அறையை ஒழித்துக்கொடுத்தார். தூக்கத்தில் நடக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே சொல்லு, கீழே முழுக்கக் கண்ணாடி என்றார். கிழிந்த உதட்டோடு சிரிக்க முடியவில்லை.

ஜூலை 2, வியாழன்

ஜாமீனில் வந்த மாஸ்டர் நேராகக் கடைக்கு வந்தான். முதலாளியம்மாவும் நானும் ஷட்டரை இறக்கிவிட்டோம். தகரம் உள்பக்கம் குழியும்வரை உதைத்தான். என்னைப் பேர் சொல்லி, இங்கே எழுத முடியாத வார்த்தைகளெல்லாம் சொல்லி. போனில் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இடம் சொன்னேன். பிடித்துப் போனார்கள்.

அண்ணனைக் கூப்பிடத் தோன்றியது. கூப்பிடவில்லை.

ஜூலை 17, வெள்ளி

தையல் தழும்பு அரிக்கிறது. வேலை நிறைய.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் மாடிப்படியில் அண்ணி. தோளில் ஒரு பை. கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை. யார் என்று கேட்கவில்லை.

தன் அக்கா வீட்டுக்குப் போகவா, இல்லை பேசாமல் திரும்பிப் போய்விடவா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். "நீ தைரியசாலி. நீயே சொல்லு, கேட்டுக்கறேன்."

ஐஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். "முதல்ல வீக்கம் வத்தட்டும் அண்ணி."

கீழே அண்ணன் வண்டிச் சத்தம். அண்ணி பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இறங்கிப் போய்க் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன், இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அண்ணன் கத்தினான், கதவில் எட்டி உதைத்தான். கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது.

மேலே வந்தபோது அண்ணி உட்கார்ந்திருந்தாள். பையைக் கீழே வைத்திருந்தாள்.