கேப்டன் குடித்த காபி

மார்ச் 3, செவ்வாய்

ஏழாம் பாகம் வெளிவந்து பன்னிரண்டு நாள். வாசகர் கடிதங்களின் முதல் கட்டைப் பதிப்பாளர் அனுப்பியிருந்தார், மின்னஞ்சல்களையும் அச்செடுத்துச் சேர்த்து. "எல்லாரும் கேப்டனைப் பத்தியே எழுதியிருக்காங்க மேடம்" என்று தொலைபேசியில் ஒரே குஷி. நன்றாகத் திட்டியிருப்பார்கள் என்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே பிரித்தேன்.

திட்டவில்லை. பாவமாம். கேப்டன் பாவமாம்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்கும் அவன்தான் காரணம்.

மார்ச் 5, வியாழன்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும்போதும் இதே எரிச்சல். இரண்டு புட்டிக்குச் சீட்டு மாறிப்போய், மறுபடி பிரித்து ஒட்டினேன்.

பத்து வருடம் எழுதிய விண்கப்பல் கதை. ஆறு பாகம் வரை கேப்டனை நல்லவனாக வைத்திருந்து கடைசிப் பாகத்தில் தோலுரித்தேன். அவனை வளர்த்து ஆளாக்கிய கிழ மாலுமி நோய் அறையில் குழாய்க் காற்றில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். கப்பலில் காற்று குறைகிறது. 'நான் வருகிறேன், பொறு' என்று கிழவரின் மகள் வேறொரு கப்பலிலிருந்து செய்தி அனுப்புகிறாள். கேப்டன் பொறுக்கவில்லை. தன் கையாலேயே வால்வை மூடுகிறான். நான்கு நிமிடத்தில் கிழவர் அடங்கிப்போகிறார். இவன் மேல்தளத்துக்குப் போய்க் காபி குடிக்கிறான்.

இதைப் படித்த ஒருவருக்குக்கூட வயிறு எரியவில்லையா? ஒரு மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார்: 'அந்தக் காபி வந்த இடத்தில் அழுதுவிட்டேன். பாவம், கையை எங்கேதான் வைத்துக்கொள்வான் அந்த மனிதன்?'

கையை எங்கே வைத்துக்கொள்வானா. நல்லா கேட்டாருய்யா கேள்வி.

மார்ச் 9, திங்கள்

இன்று பதினேழு கடிதம். பதினாறு அவன் பக்கம். மிச்சம் ஒன்று, அட்டைப்படத்தின் நிறம் பிடிக்கவில்லை என்று.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிடும்போது என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அது உங்க அண்ணன்தானே?"

எழுந்து போய்க் கை கழுவினேன். ஆமாம், அவன்தான். வேறு யார்? மூன்று வருடமாயிற்று. அப்பா மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். போட்டான். அடித்துப் பிடித்துக்கொண்டு நான் போய் இறங்கியபோது அப்பா இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டீ. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். டீயைக் காபியாக மாற்றினேன், வேறொன்றும் பெரிதாக மாற்றவில்லை.

அதற்குமுன் ஆறு பாகத்தின் கைப்பிரதியையும் அவன்தான் முதலில் படித்தான். குளிர்பதனக் கிடங்கில் இயந்திர அறை வேலை. குழாய், வால்வு, அழுத்தம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். என் கப்பலில் சரியாக ஓடுகிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக், தப்பான இடத்தில் ஒரு வரி. கதையைப் பற்றி வாயே திறக்கமாட்டான். ஏழாம் பாகம் மட்டும்தான் அவன் பார்க்காமல் அச்சுக்குப் போனது. 'வால்வுகளைச் சொல்லித்தந்த அண்ணனுக்கு' என்று ஆறு பாகத்திலும் முதல் பக்கத்தில் இருந்த வரியையும் எடுத்துவிட்டேன். நன்றாக உறைக்கட்டும் என்றுதான்.

மார்ச் 14, சனி

புத்தகக் கடையில் வாசகர் சந்திப்பு. முப்பது நாற்காலி, அத்தனையும் நிறைந்துவிட்டது. நானே கேட்டேன்: "கேப்டன் செஞ்சது தப்புன்னு யாராவது நினைக்கறீங்களா?" ஒரு கைகூட எழவில்லை.

பின்வரிசையில் ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவாம், பணிச் சீருடையோடு வந்திருந்தார். "எனக்கு அந்தப் பொண்ணு மேலதான் கோவம் மேடம். அவரு ரொம்ப நாளா முடியாமக் கிடக்கறாரு. அவ ஏன் முன்னாடியே கிளம்பல? அதை நீங்க எழுதவே இல்லையே."

பக்கம் போதவில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நர்ஸ் சிரிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

என்ன தெரியும் அந்தம்மாவுக்கு? யாரு பெத்த அப்பா, யாரு வந்து கேள்வி கேக்கறது—

நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு நாலு நாள் போன்ல சொன்னது யாரு? ஆறாம் பாகத்து மெய்ப்பு மேஜையில கிடந்துச்சு. திருத்தி முடிச்சிட்டு கிளம்பலாம்னு நினைச்சேன். "அப்பாவுக்கு வலி தாங்கல, சீக்கிரம் வா"ன்னு அண்ணி அழுதாங்க. நான் காற்புள்ளி பாத்துட்டு இருந்தேன்.

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

மார்ச் 20, வெள்ளி

பதிப்பாளரிடமிருந்து ஒரு பொட்டலம். யாரோ வாசகர் ஏழாம் பாகத்தையே திருப்பி அனுப்பியிருக்கிறாராம். பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் சிவப்புப் பென்சில் டிக்.

அவன்தான். கடையில் வாங்கி, படித்து, டிக் போட்டு, பதிப்பகத்து முகவரிக்கு அனுப்பியிருக்கிறான், ஊர் பேர் தெரியாத வாசகன் மாதிரி. என் வீட்டு முகவரி தெரியாதா அவனுக்கு? இந்த வீட்டுக் குழாய் அத்தனையும் மாட்டினவனே அவன்தானே. எவ்வளவு திமிர் இருக்க வேண்டும். புத்தகத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

மார்ச் 21, சனி

நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன்.

டிக், டிக், டிக். கேப்டனை நான் கல்நெஞ்சன் என்று எழுதிய பக்கங்களில் ஒரு குறியும் இல்லை. அண்ணன் தப்பென்று சொன்னது ஒரே ஓர் இடம். பக்கம் 388, நான்கு நிமிடம் என்பதன்கீழ் கோடு. ஓரத்தில் அவனுடைய கோணல் எழுத்து:

'ரெண்டாம் பாகத்துல நீ சொன்ன குழாய் நீளத்துக்கு, வால்வை மூடின பிறகும் பதினொரு நிமிஷம் காத்து வரும். நாலு தப்பு.'

அதற்குக் கீழே, இன்னும் சின்னதாக:

'அப்பாவுக்கும் பதினொண்ணுதான். கையைப் பிடிச்சுக்கிட்டு கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். டீ அதுக்கப்புறம்.'

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். நாலு நிமிஷம்னு எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லல. நானாத்தான் வச்சுக்கிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

தொலைபேசியை எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். என்ன சொல்வது?

ஏப்ரல் 6, திங்கள்

இரண்டாம் பதிப்பு போடுகிறார்கள், திருத்தம் உண்டா என்று பதிப்பாளர் கேட்டார். ஒரே பக்கம்தான் என்றேன். 388. நான்கு நிமிடம் என்பது பதினொரு நிமிடம். அடுத்து ஒரு புது வரி: 'அதுவரை கேப்டன் கிழவரின் கையை விடவில்லை.'

"இதை ஒருத்தரும் கவனிக்கலையே மேடம். இப்ப மாத்தணுமா?"

"மாத்தணும். முதல் பக்கத்துல பழைய வரியும் வேணும்."

திருத்திய பக்கத்தை அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன், அவன் பார்த்துத் தரும்வரை அச்சுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னேன். காத்திருப்பதில் அவருக்கு எரிச்சல். இருக்கட்டும்.

ஏப்ரல் 13, திங்கள்

பக்கம் 388 திரும்பி வந்தது. புது வரிக்கு நேரே ஒரு சிவப்பு டிக். உறையில் என் வீட்டு முகவரி.