ஜவ்வாது மலைக்குப் போய் வந்தோம்

அன்பு மகள் ஃபிர்தௌஸுக்கு,

ஐப்பசி மழை விட்டிருந்த சனிக்கிழமை, உன் அம்மாவை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போனேன். அரசுப் பேருந்து, சாதாரண விடுதி, செலவு அதிகமில்லை. இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காட்டில் நடக்க வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் தோளைப் பிடித்து மெதுவாக நடந்தாள். ஈர இலைகள்மேல் எங்கள் காலடிகூடக் கேட்கவில்லை. நான் ஏற்காத உன் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் உச்சரிக்காத உன் பெயரை அங்கேதான் சொன்னாள்.

“அடுத்த வருஷம் ஃபிர்தௌஸையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கினு வரலாம், இன்னாங்க?”

“வரலாம்” என்றேன்.

இப்போது அடையாறு வீட்டில் படுத்தே இருக்கிறாள். இந்த வாரமே வா. மாப்பிள்ளையையும் அழைத்து வா. கதவை நானே திறக்கிறேன்.

உன் அத்தா