ஜூனி யார் பேச்சைக் கேட்பாள்

டால்ஹார்ட், டெக்ஸாஸ்
ஏப்ரல் 12, 1981

அன்புள்ள வெர்னா அக்கா,

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவளிடம் ‘நலமா’ என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அதனால் உன் குதிரை ஜூனியிலிருந்தே தொடங்குகிறேன். பந்தயத்தில் அவள் சறுக்கி, நீ அடியில் சிக்கினாயே, அன்று அவள் முழங்காலில் பட்ட சிராய்ப்பு ஆறி, முடி முளைத்துவிட்டது. காலையில் வேலியோரமாக நடக்க வைக்கிறேன். திரும்பி வரும்போது கொஞ்சம் மெல்லோட்டம். அவ்வளவுதான். நீ எழுந்து நடக்கும்வரை அவள் இங்கேயே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறைதான் வந்தேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். மாடுகள் கன்று போடும் காலம், கை ஒழியவில்லை என்று எழுதலாம். அது பாதிதான் உண்மை. நீ அசையாமல் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் தங்கை,
டெலியா

அமரில்லோ
ஏப்ரல் 20

டெலியா கண்ணு,

கட்டுக்குள் அரிக்கிறது. பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொள்கிறேன். சமையல் உன் அத்தான் ஹார்லன்தான். தினமும் பீன்ஸ், தினமும் அடிப்பிடித்தது. “ருசியா இருக்குல்ல?” என்று வேறு கேட்கிறார்.

ஒன்று சொல்கிறேன், கேள். ஜூனியைப் பந்தயப் பீப்பாய்கள் பக்கம் கொண்டுபோகாதே. ஐந்து வருடம் அவளைப் பழக்கியவள் நான். மூன்று பீப்பாயையும் உரசாமல் சுற்றிவிட்டு மைதான வாசலுக்குப் பறப்பது அவளுக்கு என் கைப்பிடியில்தான் தெரியும். அடுத்த வசந்தத்தில் நான் ஏறும்போது அவள் அப்படியே இருக்க வேண்டும். படுத்துக்கொண்டு வேறு எதை நினைக்கிறேன் என்று நினைக்கிறாய்?

அக்கா

டால்ஹார்ட்
ஜூன் 3

அன்புள்ள அக்கா,

மழை இல்லை. புல் கருகிக் கிடக்கிறது. ஜூனிக்குப் புது லாடம் அடித்தாயிற்று. பீப்பாய்களை உருட்டிக் கொட்டகைக்குப் பின்னால் வைத்துவிட்டேன், கவலைப்படாதே. அவசரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

டெலியா

அமரில்லோ
ஆகஸ்ட் 17

டெலியா,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு வாசல்வரை போகிறேன்.

மாடு விற்க உங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்த ஹார்லன், திரும்பியதிலிருந்து வாயே திறக்கவில்லை. சாப்பிடும்போது பிடித்துக்கொண்டேன்.

“என்னத்த முழுங்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. பீன்ஸ்தான்.”

“ஹார்லன்!”

“சந்தைக்குப் பக்கத்துல ரோடியோப் பந்தயம் நடந்துச்சு வெர்னா. பீப்பாய் ஓட்டத்துக்கு மைக்ல பேர் கூப்பிட்டாங்க. நம்ம ஜூனிபர் மேல டெலியான்னு.”

“விழுந்துட்டாளா?” பார், அதைத்தான் முதலில் கேட்டேன்.

“இல்ல. ஜெயிச்சுட்டா.”

நீயே எழுதியிருக்கலாம்.

வெர்னா

டால்ஹார்ட்
ஆகஸ்ட் 21

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

மே மாதத்தில் ஒரு நாள், மேய்ச்சலிலிருந்து திரும்பும்போது பீப்பாய்களைக் கண்டதும் ஜூனியின் காதுகள் நிமிர்ந்தன. அவளாகவே முதல் பீப்பாயை நோக்கித் திரும்பினாள். நடையில் ஒரு சுற்றுதானே, போகட்டும் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். நடை மெல்லோட்டமானது. கொட்டகைக்குப் பின்னால் உருட்டி வைத்ததாக எழுதினேனே, அது பொய்யில்லை. சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாமல் அங்கேதான் ஓட்டினேன். பொய்யைவிட அது மோசம் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டியதுகூடப் பெரிதில்லை. நீ கடிவாள வாரை இழுத்து அவளைத் திருப்புவாய். எனக்கு உன் கைபலம் கிடையாது. அதனால், பீப்பாய்க்குச் சற்று முன்னால் நான் சேணத்தில் அழுந்தி உட்கார்ந்தால் வேகம் குறைத்துத் திரும்ப வேண்டும் என்று பழக்கினேன். உட்கார்வது, நிறுத்துவது, பின்னால் நகர்த்துவது, மறுபடியும் உட்கார்வது. கோடை முழுக்க அதே வேலை. இப்போது வாரைத் தொடவே வேண்டாம். இழுத்தால் தலையை உதறுகிறாள். நீ சொல்லிக்கொடுத்த பேச்சை மறக்கடித்து என் பேச்சைக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

அன்று கடைசிப் பீப்பாயைச் சுற்றி வாசலுக்கு வரும்போது கூட்டம் கத்தியது. உன் நினைவே எனக்கு வரவில்லை, அக்கா. லாயத்தில் சேணத்தை அவிழ்க்கும்போதுதான் வந்தது.

சனிக்கிழமை அவளைக் கொண்டுவந்து விடுகிறேன். நீ சொன்னால் அங்கேயே தங்கி, மறுபடி உன் பிடிக்குப் பழக்கித் தருகிறேன். என்ன வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

டெலியா

அமரில்லோ
அக்டோபர் 9

அன்புள்ள டெலியா,

அந்தச் சனிக்கிழமை ஜூனியைக் கட்டிவிட்டு, கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, முற்றத்தில் நின்று அழுதாய். ஜன்னல் திரைக்குப் பின்னால் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நேற்று ஏறினேன்.

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றார் ஹார்லன்.

“டாக்டரா ஏறப்போறாரு? தூக்கி விடுங்க.”

முதல் பீப்பாய்க்கு நடையிலேயே போனோம். வாரை இழுத்தேன். தலையை உதறினாள். நீ எழுதியிருந்தபடி அழுந்தி உட்காரப் பார்த்தேன். இடுப்பு மடங்கவில்லை. அவள் பீப்பாயருகே நின்றுவிட்டாள். ஒரு காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் என்ன சொல்ல வருகிறேன் என்று பொறுமையாகக் காத்திருந்தாள், பாவம்.

எனக்கு உன் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா, நின்றுவிட்டாள் என்றுதான் இருந்தது. சேணத்தின் முன்னால் இருக்கும் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் டெலியா, புதிதாக ஏறும் பிள்ளைகள் பிடிப்பார்களே, அப்படி. “இறக்கி விடுங்க” என்றேன். ஹார்லன் தூக்கி இறக்கினார்.

இத்தனை நாள் உன்னைத் திருடி என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. தங்கை குதிரையைக் கெடுத்துவிட்டாள், அதனால்தான் ஓட்டுவதில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? பக்கத்து வீட்டு மாவிஸிடம் சொல்லியும்விட்டேன். அவள் ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். இனி உன்னைப் பார்த்தால் நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் பயந்தவள் என்று மாவிஸிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். நாக்கு எழமாட்டேன் என்கிறது.

ஜூனியை வந்து அழைத்துப் போ. மறுபடி என் பிடிக்குப் பழக்குகிறேன் என்று கிளம்பாதே, அந்தப் பிடி இனி இல்லை. ஓட்டு. நன்றாக ஓட்டு. அவளுக்கு இன்னும் நல்ல வருடங்கள் இருக்கின்றன. ஆனால் ஜெயித்தால் எனக்கு எழுதாதே. அவளுக்கு உடம்புக்கு வந்தால் எழுது. உனக்கு வந்தாலும் எழுது. மற்றதை நான் கேட்கும்போது சொன்னால் போதும். எப்போது கேட்பேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை வா. அன்று ஹார்லனோடு கடைக்குப் போய்விடுவேன். லாயக் கதவைத் தாழிடாமல் வைத்திருப்பேன்.

அக்கா