ஆறுதலா வா, மச்சான்

உன் ஜெர்சி என் மேசைமேல் கிடக்கிறது. முதுகில் ஒன்பதாம் எண்ணின் வால் உரிந்துபோனபோது, என் கடையிலிருந்து பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை எடுத்து நீ ஒட்டினாயே, அதுவும் அப்படியே இருக்கிறது. துவைத்துத்தான் கொடுத்திருக்கிறாள் உன் மனைவி. ஆனாலும் கழுத்துப் பட்டியை முகர்ந்தால் வறுத்த மிளகாய்த்தூள் வாசம் வருகிறது. ஏவன்டேல் சந்தையில் என் தூள் மூட்டைகளுக்கு நடுவே பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகள் நின்ற சட்டை. சோப்பு என்ன செய்யும்?

வாரம் முழுக்க மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுவாய். ஞாயிறு விடிந்தால் என் கடைக்கு வந்துவிடுவாய். கூலி வேண்டாம் என்றாய். ஒரே நிபந்தனை, மல்லிப் பெட்டியின்மேல் உன் போனைச் சாய்த்து வைத்துக்கொள்ள இடம் வேண்டும். ஸ்பெயினில் சனிக்கிழமை இரவு நடக்கும் கால்பந்து மேட்ச் நமக்கு இங்கே ஞாயிறு காலை, கடை விரிக்கும் நேரம். உன் ஜெர்சி எண்ணுக்குச் சொந்தக்காரனான அந்த முன்கள ஆட்டக்காரனை ஒருநாளும் நீ பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘எங்கட பெடியன்’ என்பாய், ஏதோ உன் சித்தப்பா மகன் போல. அவன் கோல் போட்டால் பாதி மிளகாய் பாக்கெட் தரையில் கிடக்கும்.

நாம் பழகிய புதிதில் நடந்தது நினைவிருக்கிறதா? உன் வீட்டில் போட்டுவைத்த என் சரக்கை எடுக்க எப்போது வரலாம் என்று போன் செய்தேன். “ஆறுதலா வா, மச்சான்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எங்கள் ஊரில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி ஓடி வந்தேன். நீ சாரத்தைக் கட்டிக்கொண்டு புட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

“ஆரடா செத்தது?”

“நீதானேடா ஆறுதலா வான்னு சொன்ன!”

“டேய் விசரா, மெதுவா வா எண்டனான்!”

புட்டு புரையேறும்வரை சிரித்தாய். ஆரஞ்சையும் நீதான் தின்றாய்.

உன் பெடியன் துறைமுகத்து ஊர்க்காரன். பத்தொன்பது வயதில் சொந்த ஊர் கிளப்புக்கு இறங்கினான். ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் எங்கே நிற்கிறான் என்றே தெரியாது. பந்து கோல் வாய்க்கு வரும்போது மட்டும் அங்கே அவன் கால் இருக்கும். பெரிய கிளப் ஒன்று வாங்கிக்கொண்டு போனது. இரண்டு வருடம் கொடிகட்டிப் பறந்தான். பிறகு முழங்கால் போனது. அதற்கப்புறம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து கடைசிப் பத்து நிமிடம் இறங்குகிறவன் ஆனான். வளைகுடாவிலிருந்து ஒரு கிளப் பெரிய சம்பளத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்துகிடந்த சொந்த ஊர் கிளப்புக்கே திரும்பினான்.

“விலை வரும்போது வித்துடணும்டா. இவன் சரியான ஏமாளி” என்றேன்.

தோளிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாய். “முதலாளி, உனக்கு எல்லாமே விலை ஏறேக்க விக்கிற வெங்காயம்தான். அவனுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் கிடக்கு, போறான். உனக்கேன் எரியுது?”

நான் மிளகாய் பாக்கெட்டுகளை அடுக்கத் திரும்பிக்கொண்டேன். சண்டைக்குப் பிறகு உன் ஊரில் உன் வீட்டுக்குக் கூரையும் இல்லை, ஆளும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பழகப் பழக நம் பேச்சு ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நான் வியாபாரிகளிடம் ஆமாவுக்குப் பதில் உன் ‘ஓம்’ போட ஆரம்பித்தேன். நீ என்னைச் சீண்ட ‘ஆமா, ஆமா’ என்று இழுப்பாய். வயிற்றில் அந்த நோய் வந்தபிறகு சீண்டல் போய்விட்டது, ஆமா மட்டும் தங்கிவிட்டது. என்னோடு பேசும்போது நீ முழுசாக என் தமிழுக்கு வந்துவிட்டிருந்தாய். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைவதைச் சொல்கிற நான், அதைக் கவனிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாய். “நாளைக்குக் காலைல பையனோட கடைசி மேட்ச்டா.” பெடியன் பையனாகியிருந்தான். அதுவும் என் காதில் ஏறவில்லை.

“கடைக்கு ஆள் இல்லைடா. நான் வரணுமா?” என்றேன்.

“ஆமா.” கொஞ்சம் மூச்சு வாங்கினாய். “ஆறுதலா வா.”

பத்து வருடமாக நீ கற்றுக்கொடுத்த அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டேன். கடை விரித்தேன். நல்ல வியாபாரம். மதியம் மூட்டை கட்டிவிட்டு, உனக்குப் பிடிக்குமே என்று ஃபீஜோவாப் பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு மெதுவாக வந்தேன். உன் கட்டில் காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி, உன் பேச்சில் கதிரை.

“விடியவே உங்களுக்கெண்டு இழுத்துப் போடச் சொன்னவர், அண்ணை” என்றாள் உன் மனைவி. “பெடியன் கிரவுண்டை விட்டு வெளியில போகேக்க, போனைப் பாக்கேல்லை. கதிரையைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தவர்.”

நீ எந்த ஆறுதலைச் சொன்னாய் என்று கேட்க நீ இல்லை. நேற்றிரவு வரை நினைத்துப் பார்த்தேன். ‘ஆமா’ என்ற வாயால் என் ஊர் ஆறுதலைத்தான் சொல்லியிருக்கிறாய் என்று தோன்றுகிறது.

அந்த மேட்சைப் பிறகு ஒருநாள் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடம் இறங்கினான். கோல் இல்லை. விசில் ஊதியதும் புல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். அவசரமே இல்லாமல் அவிழ்த்தான். வந்து தூக்கிவிட நாலு பேர் இருந்தார்கள்.

நேற்றுக் காலை ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் கண்டெய்னர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது உன் மனைவி கூப்பிட்டாள். “அண்ணை, இவற்ற ஜெர்சி ஒண்டு கிடக்கு. நீங்கள் வைச்சிருந்தா நல்லம். ஆறுதலா வாங்கோ.”

சரக்கு பாதி இறங்கியிருந்தது. சாவியை ஆளிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். ஈரக் கையோடு கதவைத் திறந்தவள் திகைத்துப்போனாள்.

“ஐயோ, ஆறுதலா எண்டுதானே சொன்னனான்! ஏன் அண்ணை இப்பிடி விழுந்தடிச்சு வாறியள்?”

“எந்த ஆறுதல்னு தெரியலம்மா. அதான் வந்துட்டேன்.”

அவளுக்கு விளங்கியதா தெரியாது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன்.